கண் மங்கும் கோழிகளின் முட்டை

நாமக்கல்லுக்குப் போகிறேன் என்றதும், மெட்ராஸ் விடுதியில் என்னோடு அறையில் இருந்தவள் "ஆஞ்சநேயரைப் பார்க்கவா?" என்று கேட்டாள். கோழி பார்க்க என்றேன். அவள் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. பினாங்கிலிருந்து வந்தவள் ஒரு மாதிரி என்று ஏற்கெனவே முடிவு கட்டியிருந்தாள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. பினாங்கில் ஓர் ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த என்னைப் பயிற்சிக்காக மெட்ராஸுக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே ஒரு பேராசிரியை, விழித்திரைக்கு மருந்து கொண்டுபோகும் வழியைத் தேடிக்கொண்டிருந்தார். விழித்திரை என்பது கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வு. வெளிச்சம் அதன் மேல் விழுந்தால்தான் பார்வை. சில குடும்பங்களில் அது தானாகவே பட்டுப்போகும். முதலில் இருட்டில் தெரியாது. பிறகு பக்கவாட்டில் தெரியாது. நேரெதிரே சின்ன வட்டம் ஒன்று மிஞ்சும், கடைசியில் அதுவும் போய்விடும். படகுத்துறையில் வேலை பார்த்த என் தம்பிக்கு அப்படித்தான் போனது. எங்கள் அம்மா கட்டிக்கொண்டது சொந்தத் தாய்மாமனை. டாக்டர்கள் அதைக் கேட்டதும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இந்த நோய்க்கு மருந்து கண்டுபிடிப்பது ஒரு பாடு என்றால், அதைக் கண்ணின் பின்பக்கம் சேர்ப்பது பெரும்பாடு. சொட்டு மருந்து கண்ணீரோடு மூக்குக்கு இறங்கித் தொண்டைக்குப் போய்விடும். மாத்திரை ரத்தத்தில் கலந்தாலும், விழித்திரையின் வாசலில் உடம்பே காவல் போட்டிருக்கிறது, உள்ளே விடாது. அரிசி நொய் அளவில் ஒரு மருந்துத் துணுக்கு செய்து கண்ணுக்குள்ளேயே வைத்துவிட்டால் அது மெல்லக் கரைந்துகொண்டிருக்கும் என்பது பேராசிரியையின் எண்ணம். அதைச் சோதிக்க, பிறந்த பிறகு தானாகக் கண் மங்கும் ஓர் உயிர் வேண்டும். நாமக்கல் பக்கம் ஒரு பண்ணையில் அப்படிப்பட்ட கோழிகள் இருப்பதாக ஒரு கால்நடை மருத்துவர் சொல்லியிருந்தார். குஞ்சு பொரிக்கும்போது பார்வை இருக்குமாம், சில வாரத்தில் போய்விடுமாம். அதோடு இன்னொரு சேதியும் வந்தது. பண்ணைக்காரர் வியாழக்கிழமை அத்தனையையும் அறுப்புக்குக் கொடுத்துவிடப் போகிறார். கருவுள்ள முட்டைகளை அதற்குள் உயிரோடு கொண்டுவந்துவிடு என்று என்னை அனுப்பினார்கள்.

செவ்வாய்க்கிழமை சேலத்தில் இறங்கியபோது பசி கண்ணைக் கட்டியது. பஸ் நிலையத்துக்கு எதிரில் சந்தவை என்று இடியாப்பம் சாப்பிட்டேன். எங்கள் ஊரில் இதே பண்டத்தைப் புட்டு மாயம் என்று சைக்கிளில் விற்பார்கள், தேங்காய்ப்பூவும் பழுப்புச் சர்க்கரையும் வைத்து. இங்கே தேங்காய்ப்பால் ஊற்றினார்கள். தொண்டையில் அது இறங்குவதற்குள் நாமக்கல் பஸ் கிளம்பிவிட்டது. ஓடிப்போய் ஏறினேன். கண்டக்டர் என் கையைப் பிடித்துத் தூக்கி உள்ளே போட்டுவிட்டு, "பையப் போலாமுங்க, நாமக்கல் எங்கயும் ஓடிப் போவாது" என்றார்.

பினாங்கில் மலை என்றால் மரம். இங்கே சமதரையில் திடீர் திடீரென்று மொட்டைப் பாறை எழுந்து நின்றது. மாசி வெயிலில் மண் வெளுத்துக் கிடந்தது. ஊர் நெருங்க நெருங்கச் சுத்தியல் சத்தம். சாலையின் இரண்டு பக்கமும் லாரிக்குக் கூடு கட்டும் பட்டறைகள், முகம் மட்டும் இருந்து உடம்பில்லாத லாரிகள் வரிசையாக நின்றன. பக்கத்து இருக்கைப் பெண்மணி என் பேச்சைக் கேட்டுவிட்டு, "நீங்க சிலோனுங்களா?" என்றார். மலேசியா என்றேன். "தனியாவா வந்தீங்க?" என்றார். ஆமாம் என்றதும் தன் பையிலிருந்து ஒரு கொய்யாப்பழம் எடுத்துக் கொடுத்தார், அனாதைக்குக் கொடுப்பதுபோல.

பண்ணைக்காரர் பெயர் பொன்னுசாமி. ஐம்பது வயதிருக்கும். வந்ததும் வராததுமாக, "யார்கிட்டயும் கோழிக்குக் கண்ணு போச்சுன்னு சொல்லலீங்கல்ல?" என்றுதான் கேட்டார். ஊருக்குள் பேச்சு கிளம்பியிருந்தது. பொன்னுசாமி பண்ணையில் ஏதோ தொற்று, முட்டை வாங்காதே என்று. அதனால்தான் வியாழக்கிழமை அவசரம்.

அந்தக் கோழிகள் தனிக் கொட்டகையில் இருந்தன. உள்ளே நுழைந்தேன். மற்றக் கொட்டகையில் ஆள் போனால் கோழிகள் கலைந்து ஓடும். இவை ஓடவில்லை. என் காலடிச் சத்தத்துக்குக் கழுத்தை நீட்டிக் காது கொடுத்தன. ஒன்று தீனித் தொட்டியைத் தேடி, பக்கத்துக் கோழியின் முதுகைக் கொத்தியது.

"சேவல் ஒண்ணு நல்ல ஜாதிங்க. அதுக்குப் பொறந்த பொட்டைகளும் நல்லா முட்ட வெச்சுதுங்க. சரி, ஊட்டோட இருக்கட்டும்னு அதையே அதுகளோட உட்டேன். அதுல இருந்து இப்படித்தானுங்க" என்றார் பொன்னுசாமி. தொற்று இல்லை, ரத்தத்தில் வருவது என்று விளக்கினேன். தலையாட்டினார். ஆனாலும் வியாழக்கிழமை வியாழக்கிழமைதான் என்றார்.

புதன் முழுக்க முட்டை பொறுக்கினோம். பொன்னுசாமியின் மனைவி ருக்குமணி, ஒரு வாரமாகச் சேர்த்ததை ஈர மணல் போட்ட பானையில் குளிர்ச்சியாக வைத்திருந்தார். கூர்முனை கீழே பார்க்க, குலுங்காமல், வெயில் படாமல் அட்டையில் அடுக்க வேண்டும். கருவுள்ள முட்டை தூங்குகிற உயிர். சூடு பட்டால் அகாலத்தில் விழிக்கும், குலுங்கினால் விழிக்காமலே போகும். நான் இதைச் சொன்னதிலிருந்து ருக்குமணி முட்டைகளுக்குப் பக்கத்தில் குரலைக்கூட உயர்த்தவில்லை. மத்தியானம் இலையில் கோழிக் குழம்பு வந்தபோது நான் எந்தக் கொட்டகைக் கோழி என்று கேட்டேன். "கண்ணு தெரியறதுதான் சாமி, பயப்படாம உண்ணு" என்றார்.

வியாழன் காலை அறுப்புக்காரர்கள் கூடைகளோடு வந்துவிட்டார்கள். அந்தக் கோழிகளைப் பிடிக்கச் சிரமமே இல்லை. கொட்டகை காலியானது. இனி இந்த வம்சம் என் அட்டைகளில் மட்டும்தான்.

சேலத்தில் சாயங்கால ரயில். முட்டை மண்டி வேன் ஒன்று திருச்செங்கோடு, சங்ககிரி வழியாகச் சேலம் போவதாகவும் அதில் போகலாம் என்றும் பொன்னுசாமி ஏற்பாடு செய்திருந்தார். டிரைவர் பெயர் செங்கோடன். முப்பத்தைந்து வயது, திடமான ஆள், அதிகம் பேசமாட்டார். நான் டாக்டர் இல்லை என்று மூன்று தரம் சொல்லியும் "டாக்டரம்மா" என்றே கூப்பிட்டார். மற்ற அட்டைகளைப் பின்னால் வைத்துவிட்டு, ஒரு கட்டு அட்டையை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு அவருக்கு இடப் பக்கம் உட்கார்ந்தேன்.

"மெதுவாப் போனாப் போதும்" என்றேன்.

"மெதுவாத்தானுங்க போவேன். ஆனாப் பொழுதோட போயிரோணுமுங்க" என்றார்.

நல்லபடியாகத்தான் ஓட்டினார். ஆனால் எனக்கு உள்ளுக்குள் ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. கண்ணாடியைப் பார்க்க மற்றவர்கள் கண்ணைத் திருப்புவார்கள், இவர் தலையையே திருப்பினார். கியர் கம்பியைக் கை தேடிப் பிடித்தது. திருச்செங்கோடு தாண்டியதும், இடப் பக்க மண்பாதையிலிருந்து ஒரு பால்காரர் சைக்கிளில் சாலைக்கு ஏறினார். பார்க்காமல் இருக்க முடியாத வெட்டவெளி. வேன் வேகம் குறையவில்லை.

"ஆளு! ஆளு!" என்று கத்தினேன்.

வேன் கிறீச்சிட்டு நின்றது. சைக்கிள் சரிந்து, கேன் உருண்டு, தார் ரோட்டில் பால் ஓடியது. ஆளுக்கு அடியில்லை. நான் முட்டைகளை அணைத்துக்கொண்டிருந்தேன். பால்காரர் எழுந்து வந்து, "கண்ண எங்க வெச்சுட்டு ஓட்டற நீ?" என்று சட்டையைப் பிடித்தார். செங்கோடன் கையெடுத்துக் கும்பிட்டார், சைக்கிளை நிமிர்த்திக் கொடுத்தார், வந்து உட்கார்ந்தார்.

நான் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து அவர் தோளுக்குப் பக்கத்தில் நீட்டினேன். அவருக்குத் தெரியவில்லை. மெல்ல முன்னால் கொண்டுபோனேன். மூக்குக்கு நேரே வந்த பிறகுதான் திடுக்கிட்டு, "எனக்குங்களா?" என்றார்.

"எத்தனை நாளா இப்படி?"

"எதுங்க?"

"என் தம்பியும் இப்படித்தான் முழுத் தலையையும் திருப்புவான்."

தண்ணீரை வாங்கிக் குடித்தார். பிறகு, "ரெண்டு வருசமாச்சுங்க. ஊட்ல கூடத் தெரியாது. இருட்டுனா வண்டிய எடுக்க மாட்டேன். பகல்ல ஒண்ணும் வில்லங்கமில்லீங்க" என்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு சொட்டு மருந்துப் புட்டியை எடுத்துக் காட்டினார். "இத உட்டுட்டுத்தான் வாரேன். சரியாப் போயிருமுங்க."

"விட்டதும் தொண்டை கசக்குதா?"

"கசக்குமுங்க."

"அப்போ மருந்து தொண்டைக்குத்தான் போகுது. நோய் இருக்கற இடத்துக்குப் போகல."

புட்டியைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு நான் எதற்கு முட்டை கொண்டுபோகிறேன் என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். கோழிக்கு வந்ததும் அவருக்கு வந்ததும் ஏறக்குறைய ஒன்று என்றபோது பின்னால் திரும்பி அட்டைகளை ஒரு தரம் பார்த்தார்.

இறங்கிவிட வேண்டும் என்று அறிவு சொன்னது. வெட்டவெளியில் வேறு வண்டி இல்லை, திரும்பிப் போனால் கோழிகளும் இல்லை, ரயில் ஒன்றுதான். பயமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. கடைசியில், "இடப் பக்கத்தை நான் பார்த்துச் சொல்றேன். வலப் பக்கத்தை நீங்க தலையைத் திருப்பிப் பாருங்க. மாட்டு வண்டி வேகத்துக்கு மேலே போகக்கூடாது" என்றேன். சங்ககிரி வரை நான் பார்த்ததெல்லாம் சாலையின் இடது ஓரம்தான். மாடு. இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள். நிற்கிற லாரி. நிற்காத லாரி. கரும்புச் சோகை சுமக்கிற அம்மா. வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே போனேன். சங்ககிரி மலைக்கோட்டை எந்தப் பக்கம் வந்தது என்றுகூட எனக்குத் தெரியாது. அந்த ஊர் லாரிகளின் ஊர். நூற்றுக்கணக்கில் நின்றன, ஒவ்வொன்றும் எங்களை நோக்கி வருவதுபோலவே இருந்தது.

சங்ககிரி மண்டிக்குப் பின்னாலேயே அவர் வீடு. சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். அவர் மனைவி மரகதம், சொந்த அக்காள் மகள். அதைக் கேட்டதும் அம்மாவும் தாய்மாமனும் நினைவுக்கு வந்தார்கள். ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை, பெயர் பூங்கொடி, அப்பளத்தை நொறுக்காமல் கொண்டுவந்து என் தட்டில் வைத்துவிட்டு ஓடியது. அரிசியும் பருப்பும் சேர்த்துப் பொங்கிய சோறு, மேலே நெய். அவ்வளவு ருசியான சாப்பாட்டை அவ்வளவு பயத்தோடு நான் சாப்பிட்டதில்லை. செங்கோடன் சாப்பிட உட்காரவில்லை. மண்டியில் வேலை இருக்கிறது என்று போனார். நான் கை கழுவி, மரகதம் கொடுத்த பாயில் சற்றுச் சாய்ந்தேன். கண் அசந்துவிட்டேன். எழுந்து வேனுக்குப் போனபோது செங்கோடன் அட்டைகளைக் கயிறு போட்டு முன்னைவிட இறுக்கமாகக் கட்டி வைத்திருந்தார். மனிதர் முகத்தில் முதல் தடவையாக ஒரு தெளிவு இருந்தது.

மறுபடி இடது ஓரத்தை நான் சொல்லிக்கொண்டே வர, சேலம் ரயில் நிலையத்துக்கு வெயில் தாழ்வதற்கு முன்பே வந்து சேர்ந்தோம். நடைமேடையில் அட்டைகளை இறக்கியதும், உடைந்திருக்கிறதா என்று பார்க்கக் கயிற்றை அவிழ்த்தேன். முட்டைகள் வேறு மாதிரி இருந்தன. ஓட்டின் மேல் மங்கலாக வெள்ளைப் பூச்சு. விரலில் மாவு மாதிரி ஒட்டியது.

"இது என்ன?"

"சுண்ணாம்புத் தெளிவுங்க" என்றார், ஒரு கெட்டிக்காரத்தனம் செய்த சந்தோஷத்தோடு. "கல்கத்தாவுக்குப் போற முட்டையெல்லாம் அதுல முக்கித்தானுங்க அனுப்புவோம். ஓட்டுல இருக்கற கண்ணெல்லாம் அடச்சிக்கும். மாசக்கணக்குல கெடாது. எங்கண்ணுக்கு ஆவற முட்டையாச்சே, வழியில கெட்டுப் போவக்கூடாதுன்னு நானே முக்கி உலத்துனேன்."

மற்ற அட்டைகளையும் அவிழ்த்தேன், எல்லாவற்றிலும் அதே வெள்ளை.

முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. உள்ளே இருக்கும் கரு அதன் வழியாகத்தான் மூச்சு விடும். தின்கிற முட்டைக்கு அதை அடைப்பது நல்லது. பொரிக்கிற முட்டைக்கு அதுதான் சமாதி. மண்டியில் எல்லோரும் தின்கிற முட்டையைப் பார்த்தவர்கள், அவருக்கு எப்படித் தெரியும். ஆனால் அந்த நிமிஷத்தில் எனக்கு அந்த நியாயமெல்லாம் தோன்றவில்லை. "கொன்னுட்டீங்களே" என்றேன். சொல்லிவிட்டு, பிறகுதான் விளக்கினேன்.

அவர் ஒரு முட்டையை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தார். "துடச்சா ஆவாதுங்களா?" என்றார்.

ஆகுமா என்று எனக்கே தெரியாது. சுண்ணாம்பு பட்டு சில மணி நேரம்தான் ஆகியிருந்தது. கரு இன்னும் தூக்கத்தில் இருக்கிறது, அதற்கு இப்போது கொஞ்சம் காற்றே போதும். டீக்கடைக்காரரிடம் வெதுவெதுப்பான தண்ணீர் கேட்டேன். பச்சைத் தண்ணீர் பட்டால் ஓடு அழுக்கை உள்ளே இழுத்துக்கொள்ளும். அவர் எதற்கு என்று கேட்டார். முட்டை குளிப்பாட்ட என்றேன். சிரித்தார், ஆனாலும் ஒரு வாளி கொடுத்தார். செங்கோடன் தன் துண்டை இரண்டாகக் கிழித்தார். நடைமேடையில் எதிரெதிரே உட்கார்ந்து ஒவ்வொரு முட்டையாகத் துடைத்தோம். கூட்டம் கூடியது. "கோயிலுக்கு நேர்த்திக்கடனா?" என்று ஒருவர் கேட்டார். ஒவ்வொரு முட்டையையும் செங்கோடன் மூக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, அந்தச் சின்ன வட்டத்துக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்து, வெள்ளை தெரியாதபோதுதான் அட்டையில் வைத்தார்.

ரயில் ஈரோட்டைத் தாண்டிவிட்டதாக யாரோ சொன்னார்கள். விளக்குகள் எரியத் தொடங்கின.

"டாக்டரம்மா, அந்த மருந்து எப்ப வருமுங்க?" என்று துணியை நிறுத்தாமல் கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். என் தம்பிக்கு டாக்டர்கள் அப்படித்தான் சொன்னார்கள், சொட்டு மருந்து விடு, சரியாகிவிடும் என்று. அவன் அந்த நம்பிக்கையில் படகுத்துறையிலேயே வேலை பார்த்தான். ஒரு நாள் பலகையின் விளிம்பு தெரியாமல் கடலில் விழுந்தான்.

"உங்க கண்ணுக்கு வராதுங்க. அதுக்குள்ள அது போயிரும்" என்றேன்.

கை நின்றது. "எம் புள்ளைக்குங்க?"

"அவளுக்கு இந்த நோய் வரலாம், வராமலும் போகலாம். வந்தா அவ காலத்துக்கு மருந்து இருக்கணும்னுதான் இந்த முட்டை."

கையிலிருந்த முட்டையைத் துடைத்து முடித்தார். அட்டையில் வைத்தார். எழுந்து, வேன் சாவியை இடுப்பிலிருந்து எடுத்து ஒரு தரம் பார்த்துவிட்டு, நிலையத்து வாசலில் டெலிபோன் வைத்திருந்த ஒரு கடைக்குப் போனார். இருட்டில் வழி தெரியாமல் சுவரைத் தொட்டுக்கொண்டே போனார். நான் பின்னாலேயே போனேன். மண்டி முதலாளியோடு பேசினார்.

"செங்கோடன் பேசறனுங்க. ஆமாங்க, சேலத்துல. வேற டிரைவர அனுப்புங்க. இல்லீங்க, வண்டி நல்லாத்தான் இருக்குது. எனக்குக் கண்ணு தெரியலீங்க. ரெண்டு வருசமா. இல்லீங்க, குடிக்கலீங்க." பிறகு கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். "இனிமே எடுக்கலீங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ரயில் வந்தது. அட்டைகளை ஒவ்வொன்றாக ஜன்னல் வழியாகக் கொடுத்தார். நான் என்ன சொல்வது என்று தெரியாமல், வீட்டுக்கு எப்படிப் போவீர்கள் என்று கேட்டேன். பஸ்ஸில் என்றார், அது பெரிய விஷயமே இல்லை என்பதுபோல. ரயில் நகர்ந்தது. ஒரு மனிதனின் பிழைப்பை ஒரு வாக்கியத்தில் பறித்துவிட்டு ஊருக்குப் போகிறேன் என்று இருந்தது. சொல்லாமல் வந்திருந்தால் இன்னொரு பால்காரர் சைக்கிளோடு வேனுக்கு அடியில் போயிருப்பார் என்றும் தெரிந்தது. இரண்டும் சேர்ந்துதான் மெட்ராஸ் வரை வந்தன.

அடைகாக்கும் பெட்டியில் வைத்த முட்டைகளில் பெரும்பாலானவை பொரிக்கவில்லை. பேராசிரியை என்னைத் திட்டவில்லை, அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது. கடைசி நாளில் ஒரு ஓரத்தில் கீச்சென்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. ஒரு கூடைக்குக் காணும் அளவு குஞ்சுகள் வந்தன. துறுதுறுவென்று எல்லாவற்றையும் கண்ணால் துரத்தின. அவற்றைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. வாரங்கள் போயின. ஒரு காலை தீனி வைத்தபோது, அவை என் கையை விட்டுவிட்டுச் சத்தத்தைக் கொத்தின.

அன்று மத்தியானம் சங்ககிரி மண்டிக்கு டிரங்க் கால் போட்டேன். யாரோ எடுத்து, செங்கோடனா, உள்ளே முட்டை அடுக்குகிறார், கூப்பிடுகிறேன் என்றார்கள். வெகுநேரம் கழித்து அவர் குரல் வந்தது.

"பொரிச்சுதுங்களா?"

"கொஞ்சம் பொரிச்சுது."

"அதுகளுக்குக் கண்ணு?"

"போயிருச்சுங்க. இன்னைக்குக் காலையிலதான்."

கம்பியில் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு, எனக்கு இன்றுவரை காதில் நிற்கிற நிம்மதியோடு அவர் சொன்னார்:

"அப்ப அது சரியான முட்டைதானுங்க."